மகள் துப்பிய வைன்

எங்கள் பிக்கரிங் வீட்டிலிருந்து நகர நடுவிலிருக்கிற டவுண்ரவுணுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. அங்கே போய் இரண்டு நாள் ஹோட்டலில் தங்குவோம் என்று நான் சொன்னபோது கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? வீட்டிலை கட்டில் இல்லையே?"

"இவ்வளவு வருசமா இஞ்சை இருக்கிறம். ஒருக்காலாவது ஊர் பாக்க வந்த ஆக்கள் மாதிரி இருந்து பாப்பம்," என்றேன்.

அது பாதிப் பொய். உண்மையான காரணம் மகளின் பிரிட்ஜ்.

டவுண்ரவுண் பக்கம், சென் ஜேம்ஸ் ரவுணில் அவள் தனியாக இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மீன்குழம்பு கொண்டு போயிருந்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். குழம்பை வைக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால் இடமே இல்லை. தட்டுத் தட்டாக வைன் போத்தல்கள், ஒன்றுகூட முழுதாக இல்லை. குழம்பை மேசையில் வைத்தேன். "ஆறினாப் பிறகு உள்ளை வை பிள்ளை" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவள் வங்கி வேலையை விட்டுவிட்டு வைன் விற்கிற கடையொன்றில் சேர்ந்திருந்தாள். ஏதோ படிப்பதாகவும் சொல்லியிருந்தாள். வைனில் படிக்க என்ன இருக்கிறது என்று அப்போதே எனக்கு எரிச்சல். பஸ்ஸில் வரும்போது அந்த எரிச்சல் பயமாகிவிட்டது.

என் அண்ணா குடித்துச் செத்தவர். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றில் புண் என்றோம். சொல்லிச் சொல்லி நாங்களே அதை நம்பியும் விட்டோம். மகளுக்கு அச்சு அசல் அண்ணாவின் முகம். பிறந்த நாளிலிருந்து எல்லோரும் அதைச் சொல்லி மகிழ்ந்தார்கள், நானும்தான். அந்தப் பிரிட்ஜைப் பார்த்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒளித்துக் குடிப்பது தவிர வேறு விதமாகக் குடிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. இங்கேயும் எங்கள் ஆட்கள் அப்படித்தானே. பிறந்தநாள் என்றாலும் சாமத்தியவீடு என்றாலும் ஆண்கள் கராஜுக்குள் போய்விடுவார்கள். கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்கு மட்டும் திறந்திருக்கும். வெளியே நிற்பவர்களுக்குச் சப்பாத்துகளும் கதிரைக் கால்களும்தான் தெரியும். பெண்கள் நாங்கள் ஒன்றும் அறியாதவர்கள் போலச் சாப்பாடு சூடாக்குவோம். பிறகு ஒவ்வொருவராக ஏலக்காய் சப்பிக்கொண்டு உள்ளே வருவார்கள். என் கணவரும் மாதத்தில் ஒருநாள் ஏலக்காய் சப்புகிறவர்தான்.

ஹோட்டலில் தங்கப்போகிறோம் என்று கேட்டதும் மகள் துள்ளினாள். "அப்ப சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வாங்கோ அம்மா. ஒன்ராறியோ வைன் மட்டும் ஊத்தி டேஸ்ட் பண்ணக் குடுக்கிறம். நான்தான் செய்யிறன். பிளீஸ், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எனக்கு வேண்டியதும் அதுதான். பக்கத்தில் இருந்து அவளைப் பார்க்க வேண்டும். கை நடுங்குகிறதா, கண் மஞ்சளா என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தெருவில் போகிற ஸ்ட்ரீட்காரிலிருந்தே உள்ளே யார் என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். நீண்ட மேசையைச் சுற்றி எட்டுப்பேர். எல்லோருக்கும் முன்னால் நாலு கிளாஸும் ஒரு கறுப்புக் குவளையும். குவளை தண்ணீருக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மகள் ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு வாய் அளவுதான் ஊற்றினாள். கணவர் முதல் கிளாஸை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, "கடிக்க ஒண்டும் இல்லையோ?" என்றார். மேசைக்குக் கீழே அவர் தொடையைக் கிள்ளினேன்.

அவள் பேசத் தொடங்கினாள். நயாகராப் பக்கம் ஏரி இருப்பதால் குளிர் கொடிகளை அவ்வளவாகச் சாகடிக்காதாம். சில திராட்சையைக் கொடியிலேயே உறைய விட்டு, பனிக்குள் நின்று பறிப்பார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது. லண்டனிலிருந்தும் ஊரிலிருந்தும் யார் வந்தாலும் புளிச்சாதம் கட்டி, வான் வண்டியில் ஏற்றி, நயாகராவுக்குக் கொண்டு போய் நீர்வீழ்ச்சி காட்டியிருக்கிறோம். வழிநெடுக வரிசையாக நின்றது திராட்சைக் கொடி என்று ஒருநாளும் நான் கவனித்ததில்லை. எத்தனை தரம் போயிருப்போம். இவள் அதையெல்லாம் தன் சொந்தக் காணி போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கை நடுங்கவில்லை. கண்ணும் வெள்ளையாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகிக் கதிரையில் சாய்ந்தேன்.

அப்போதுதான் அவள் ஒரு வாய் வைனை எடுத்தாள். கன்னங்கள் உள்ளே போயின. கண்ணை மூடினாள். சட்டென்று குவளையின் மேல் குனிந்தாள். அண்ணா காலையில் கிணற்றடியில் இப்படித்தான் குனிவார். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மேசையைச் சுற்றி ஓடிப்போய் அவள் உச்சந்தலையில் பட்பட்டென்று தட்டினேன்.

"புரைக்கேறிப் போச்சே பிள்ளை? மேலை பார், மேலை பார்."

அதுவரை ஏறாத புரை நான் தட்டியதில்தான் ஏறியது. அவள் இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் இன்னும் பலமாகத் தட்டினேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் இதுவும் வைன் ருசிக்கிற முறைகளில் ஒன்றோ என்பது போலப் பார்த்தாள்.

"அம்மா, நிப்பாட்டுங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை. நான் துப்பினனான்."

"ஏன்?"

"இண்டைக்கு மட்டும் முப்பது வைன் டேஸ்ட் பண்ணவேணும். எல்லாத்தையும் விழுங்கினா நான் எப்பிடி வேலை செய்யிறது? இஞ்சை எல்லாரும் துப்புவினம். குவளை அதுக்குத்தான்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், பாதிப்பேர் துப்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் மட்டும் தன்னுடைய நாலு கிளாஸையும் என்னுடைய இரண்டையும் முடித்திருந்தார்.

"துப்புறதோ? அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே," என்றார் அவர், சிவந்த முகத்தோடு.

கூட்டம் கலைந்த பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரிட்ஜைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எல்லாம் சோதனைக்குப் படிக்க வாங்கினதாம். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், மிச்சம் சிங்க்கில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதைகளை நம்பி நான் ஒருமுறை கெட்டவள். வாயைத் திறந்து நேராகவே கேட்டேன்.

"நீ குடிக்கிறனியோ?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஓம் அம்மா. சாப்பாட்டோடை ஒரு கிளாஸ். பிரெண்ட்ஸோடை போனா ரெண்டு. அவ்வளவுதான். மாமாவை நினைச்சுப் பயந்தனீங்களே?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வயிற்றுப்புண் கதையை அவள் நம்பியதே இல்லை போலும்.

இதே கேள்வியை அதற்கு முன் ஒரே ஒருவரிடம்தான் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டேன். "இல்லையடி, தொடுறதே இல்லை" என்றார் அண்ணா. அந்தக் கிழமையே போய்விட்டார். இவள் ஓம் என்கிறாள். அந்தக் கண்ணாடிக் கடையில், தெருவே பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.