சிறு தொட்டிக்குப் பெரிய ஃபில்டர்

மயூர் விஹார் வீட்டில் என் மனைவி வளர்த்த ஃபைட்டர் மீன், அவள் மறைவுக்குப் பின் என் பொறுப்பாயிற்று. நீர் இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று, கடையில் இருந்தவற்றுள் ஆற்றல் மிக்க ஃபில்டரை வாங்கிப் பொருத்தினேன். மறுநாள் காலை, மீன் ஃபில்டரின் உறிஞ்சுகுழாயில் ஒட்டிக் கிடந்தது. சுவிட்சை அணைத்ததும் மெல்ல விடுபட்டு நகர்ந்தது.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, சின்னத் தொட்டிக்குள்ள யமுனை வெள்ளத்தையே விட்டுட்டீங்களே! அம்மா வெச்சிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தூக்கிப் போட்டாச்சா?"

போடவில்லை. மனைவியின் பொருள் எதையும் நான் இன்னும் அப்புறப்படுத்தவில்லை.

இப்போது அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரே மெல்லக் குமிழியிடுகிறது. தொட்டியைக் கழுவி மீண்டும் சுவிட்சைப் போடும்போதெல்லாம், மீன் நிதானமாக நீந்தத் தொடங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருக்கிறேன்.