தலைமாட்டுப் பலகை

என் கணவர் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தார். செம்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் அவர்தான். நான் சுத்தியலைத் தொட்டதில்லை. அவர் தொட விட்டதுமில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாத்திரைகளை எழுதிய டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இனி மட்டமாகப் படுக்கக் கூடாது, முதுகைச் சாய்த்து வைத்துத்தான் தூங்க வேண்டும். எங்கள் கட்டிலுக்குத் தலைமாட்டில் பலகை கிடையாது. தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். விடிவதற்குள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கிடக்கும். சுவரில் சாயலாம் என்றால் மழைக்காலத்தில் அது ஈரம் கோத்துக்கொள்ளும். பனியன் முதுகெல்லாம் சுண்ணாம்போடு எழுந்திருப்பார்.

ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். கட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, புதுசே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நானே செய்யப் போவதாகச் சொன்னேன்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியுமா ஒனக்கு?" என்றார்.

"தெரியாது. தெரிஞ்சிக்கிடுதேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகத் தாராவிக்குப் போனேன். சோஃபா மெத்தை தைக்கும் பட்டறை ஒன்று, எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்துவது. அளவையும், அது யாருக்கு, எதற்கு என்பதையும் சொன்னேன்.

"செஞ்சி தரலாம்க்கா. ஆனா தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. அது முடிஞ்சப்புறந்தான்."

"அது வரைக்கும் அவரு தூங்காம இருக்க முடியாதே."

அவர் எழுந்து வந்தார். நான் கையில் எடுத்து வைத்திருந்த மெத்தென்ற ஃபோமை வாங்கி ஓரமாகப் போட்டார். "இது வேண்டாம், ஆறு மாசத்துல உக்காந்துரும். கட்டியானத எடுங்க. மேல மெல்லிசா பஞ்சு ஒரு அடுக்கு. ஏக்தம் பக்காவா, அமுங்காம நிக்கும்." பிளைவுட்டை எங்கள் லிஃப்டுக்குள் நுழையும்படி இரண்டாக அறுத்துக் கொடுத்தார். துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் கன் ஒன்றையும் பையில் போட்டுவிட்டார். "மெதுவா கொண்டாங்க, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

இரண்டு ஞாயிறு ஆனது. பிளைவுட் துண்டுகளை ஒரு மரச்சட்டத்தில் சேர்த்து, ஃபோம் ஒட்டி, நீலத் துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பின் அடித்து, கட்டில் காலோடு போல்ட் போட்டு முறுக்கினேன். வலது கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. பலகை விறைப்பாக, கடையில் வாங்கியது போல நின்றது. அவர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது கட்டிலில் அவர் இல்லை. சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டேன்.

"பலகை நல்லாத்தான் இருக்கு," என்றார். "நேரா நிக்குல்லா, கழுத்து முன்னால விழுந்திருது. நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது, எப்படிச் சொல்ல?"

மூன்று நாளும் அப்படித்தானாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்தாலும் பலகை அங்கேதான் நேராக நிற்கும் என்று தோன்றியது. சுனாபட்டியில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு சொன்னேன். ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினேன்.

பலகை சாய இடம் வேண்டுமென்று கட்டிலைத் தலைமாட்டுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினோம். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் பலகையை நான் தோளால் தாங்கிக்கொண்டேன்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் சாய்."

"இப்ப?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூச்சில் இழையும் விசில் சத்தம் எனக்குப் பலகை வழியாகவே கேட்டது. விரலளவு விரலளவாகப் பின்னால் சாய்த்தேன். ஓரிடத்தில் அந்தச் சத்தம் மெலிந்தது. இன்னும் சாய்த்தால் திரும்பவும் வந்தது. முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். அதுதான் இடம்.

"அப்படியே நில்லு," என்று அவர் கையை நீட்டிப் பக்கத்துச் சுவரில் பலகையின் சாய்வுக்குப் பென்சிலால் கோடு போட்டார். "பின்னால முக்கோணமா ரெண்டு முட்டு குடுத்தா அசையாது. இடுப்புக்கு மட்டும் ஃபோம் தடிமனா வேணும்."

அடித்த பின்களையெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். ஒவ்வொன்றாக, மத்தியானம் வரை. மிஞ்சியிருந்த ஃபோமில் ஒரு துண்டை இடுப்புப் பக்கம் சேர்த்து ஒட்டினேன். முட்டுக்கட்டை பொருத்தும்போது அவர் ஸ்க்ரூடிரைவரை என்னிடமிருந்து வாங்கினார். நாலு சுற்றுச் சுற்றியதும் மூச்சு இரைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பிடிப் பக்கத்தை என்னை நோக்கித் திருப்பி நீட்டினார். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அதைக் கொடுத்த விதத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. வாங்கி முறுக்கினேன்.

"துணியையாவது பிடிக்கேன்," என்றார். அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க, நான் பின் அடித்தேன். அந்த விரல்களில் பலம் இன்னும் அப்படியே இருந்தது. முதல் தடவை எனக்கு வராத இறுக்கம் இப்போது வந்தது. ஒரு மூலையில் மட்டும் சுருக்கம் விழுந்தது. "இருக்கட்டும், ஒன் கையெழுத்து," என்று சிரித்தார்.

கட்டில் முன்னால் வந்துவிட்டதால் பீரோக் கதவு இப்போது பாதிதான் திறக்கிறது. புடவையை உள்ளே கைவிட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

தினமும் ஆறு மணிக்கெல்லாம் எழுந்து டீ கேட்பவர், மறுநாள் காலை ஏழரைக்கும் எழவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். பலகையில் முதுகு பதிய, வாய் லேசாகத் திறந்திருக்க, நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. நான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். சத்தம் வராமல் அடுப்பைச் சிம்மில் வைத்து, டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன்.