கொண்டை கறுத்த கதை

போன வருடக் கடைசி. மலேசியாவில் எங்கள் உலு திராமில் மழை பிடித்தால் விடாத மாதம். காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனவள், அங்கே கொட்டுகிற பனியில் கோழி வளர்க்கிறாள். வெள்ளைப் பனியில் சிவப்புச் சேவல் நிற்கிற படம் அனுப்புவாள். இவர் அதை வேலையிடத்தில், சாப்பாட்டுக் கடையில், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நானும்தான் இத்தனை வருடமாகக் கம்பத்துக் கோழி, அதுதான் நாட்டுக்கோழி, வளர்க்கிறேன். ஒருநாள் ஒரு படம் எடுத்திருப்பாரா மனுஷன்? வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது!

தீபாவளிக்கு வந்திருந்தபோது தலை நரைக்கிறதென்று புலம்பினாள். கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சி ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன். அதே எண்ணெய்தான் என் தலைக்கும். ஒரு முடிகூடக் கறுக்கவில்லை.

இப்போது குரல் செய்தியில், "அண்ணி, கொண்டை கறுத்துக்கிட்டு வருது. நீங்க கொடுத்த எண்ணெய் தடவலாமா?" என்கிறாள்.

அலமாக்! காய்ச்சியவள் தலை வெள்ளை, வாங்கிப் போனவள் கொண்டை கறுப்பா? எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது. "நல்லாவே தடவு. சூடு பறக்க அழுத்தித் தேய்" என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை படம் வந்தது. சேவலின் படம். கொண்டை வீங்கி, நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. "தேய்க்கத் தேய்க்கத் தோல் உரியுது அண்ணி. தீனியும் எடுக்க மாட்டேங்குது. செத்துருமா?"

கடவுளே, அவள் கேட்டது சேவல் கொண்டையை! குளிரில் விறைத்துச் சதை செத்துக்கொண்டிருந்த கொண்டையைத்தான் அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். உடனே வீடியோவில் கூப்பிட்டேன். "நான் உன் தலைமுடின்னு நெனச்சிட்டேன்லா" என்றேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணி. இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க."

"என்னைக் கேக்காத, மொதல்ல டாக்டர்கிட்ட கொண்டு போ" என்றேன். தேய்க்கவே கூடாது, மெல்ல மெல்லச் சூடேற வேண்டும், குளிரைவிடக் கூட்டின் ஈரம்தான் கொண்டையைக் கொல்லும் என்று அங்கே சொல்லி மருந்து கொடுத்தார்களாம். ஈரமா? இந்த மழை ஊரில் கோழி வளர்க்கிறவளுக்கா அதைச் சொல்லித்தர வேண்டும்! கூட்டைக் காட்டச் சொன்னேன். தண்ணீர்க் கிண்ணம் உள்ளேயே இருந்தது. தரையில் போட்டிருந்த மரத்தூளெல்லாம் நசநசவென்று கிடந்தது. "ராத்திரிக்குக் கிண்ணத்த வெளிய எடு. தூள மாத்து. மேல காத்துப் போக வழி விடு" என்றேன். ஒவ்வொன்றாகச் செய்தாள்.

சேவல் பிழைத்துக்கொண்டது. கொண்டையின் நுனிகள் மட்டும் காய்ந்து உதிர்ந்துவிட்டன. குளிர் ஏறுவதற்கு முன்பே உலர்ந்த கொண்டையில் லேசாக வாஸலின் பூசுகிறாளாம் இப்போது.

எண்ணெய் தேய்க்கச் சொன்னது யார் என்று இன்றுவரை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. "எங்க அண்ணிதான் காப்பாத்துனாங்க" என்றுதான் சொல்லித் திரிகிறாள். நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அப்படியொரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றைக்கும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான்.