சாட்சிக் கையெழுத்து

அத்தா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவர் பஸ் டிரைவராக இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர அவர்களுடைய நிக்காஹ் சான்று வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்தில் சொன்னார்கள். அதற்காகத்தான் எங்கள் பூர்வீக ஊர்ப் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனேன்.

ஜமாஅத் செயலாளர் மூன்று பழைய நிக்காஹ் பதிவுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். அட்டை கிழிந்து, எது எந்த வருடத்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு மதிய லுஹர் தொழுகைக்குப் போனார்.

அம்மா அத்தாவின் பதிவு இரண்டாவது புத்தகத்தில் கிடைத்துவிட்டது. செயலாளர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மூன்றாவதைப் புரட்டினேன். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். சிறு வயதில் ஓதப் போனதால் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அதில் என் பூட்டனாரின், அதாவது அத்தாவுடைய பாட்டனாரின், பெயர் இருந்தது. பக்கத்தில் பூட்டியின் பெயர். கீழே சாட்சியாக, 'மாப்பிள்ளையின் உடன்பிறந்த தம்பி' என்று ஒரு கையெழுத்து.

அந்தத் தம்பியின் வாரிசுகள் தேவகோட்டையில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம் பங்காளிகள் என்று அத்தா ஆயுள் முழுக்கச் சொன்னார். கூலி வேலைக்காரக் குடும்பத்தில் பெண் எடுத்ததால் பூட்டனாரை ஒதுக்கிவிட்டார்கள் என்பார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கு முன்பும் அந்தக் கடைக்குப் போய் ஸலாம் சொல்வார். யார் வந்தாலும் சொல்வதைப் போல, "வாங்க பாய், என்ன பாக்குறீக" என்பார்கள். ஒரு கைலி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். ஆதாரம் எங்கே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போனில் படம் எடுத்துக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

வீட்டில் படத்தைக் காட்டி விவரம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சான்று குடுத்துட்டாகளா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். முறைப்படி எனக்குச் சின்னத்தா, அத்தாவுக்குத் தம்பி முறை. அத்தாவின் பெயரைச் சொல்லிப் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கச் சொல்லி நிதானமாக வாசித்தார்.

"எங்க பாட்டனார் கையெழுத்துத்தான்" என்றார். பிறகு, "எங்களுக்குத் தெரியும்மா. எங்க அத்தா சொல்லியிருக்காக" என்றார்.

"எங்க அத்தா வருசா வருசம் வந்தாகளே."

"வந்தாக. நானே துணி எடுத்துக் குடுத்திருக்கேன்."

அப்படியென்றால் அத்தாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீ வரவழைத்தார். குடித்தேன். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், பதில் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அம்மா வரவில்லை என்றுவிட்டார். நான் போனேன். பெண்கள் பக்கத்துக்கு அவரே என்னை அழைத்துப் போய், "நம்ம பங்காளி வீட்டுப் பொண்ணு" என்றார். இதுவரை பார்த்ததில்லையே என்று ஒரு பெண் கேட்டார்.

"வெளியூர்ல இருந்தாக" என்றார் அவர்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.