விட்டோரா சொன்னதும் கோர்ட்டில் எழுதியதும்

விட்டோராவின் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டுப்பால் வியாபாரம். யோவான் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையின் பிரபுக்கள் மால்டாத் தீவை ஆண்டபோது அவள் முப்பாட்டன் அவர்கள் மாளிகைக்குப் பால் கறந்து கொடுத்தான். அவர்கள் குடித்துவிட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். அடுத்து வந்த பிரெஞ்சுக்காரன் இரண்டே வருஷம்தான் இருந்தான், அதற்குள் ஆட்டையே பிடித்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டான். பிறகு வந்த இங்கிலீஷ்காரன் காசு கொடுத்துத்தான் குடித்தான். ஆனால் காய்ச்சல் வந்து படுத்தவன் எழுந்ததும் முதல் வேலையாக ஆட்டின்மேல் பழியைப் போட்டான். விட்டோராவுக்கு அந்தக் கோபம் மட்டும் ஆறவேயில்லை.

"என் ஆட்டுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. இவங்க கப்பல்ல என்னத்தக் கொண்டுவந்தாங்களோ!" என்பாள்.

அவள் புருஷன் துனிஸுக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் அழுததாக யாரும் பார்த்ததில்லை. ஸெய்துன் கிராமத்திலிருந்து ஏழு ஆடுகளை ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவாள். கப்பல்துறை ஆட்கள் நிறைந்த போர்ம்லாவின் படிக்கட்டுத் தெருக்களில் ஏறி, கேட்கிறவர்கள் வாசலிலேயே கறந்து கொடுப்பாள். பெருத்த உடம்பு, கறுப்பு முக்காடு, துறைமுகத்தின் இந்தக் கரையில் கத்தினால் அந்தக் கரையில் திரும்பிப் பார்க்கிற குரல்.

வம்பு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஒரு சட்டையால்.

போர்ம்லாவில் ஸ்கொலாஸ்டிகா என்று ஒரு சலவைக்காரி. இங்கிலீஷ் கடற்படைக்காரர்களின் துணிகளை வெளுத்துக் கொடுப்பவள். சார்ஜென்ட் பில்பீம் என்பவனின் வெள்ளைச் சட்டையை வாசல் கம்பியில் காயப் போட்டிருந்தாள். விட்டோராவின் பரோனா என்ற ஆட்டுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு கை முழுவதையும் தின்றுவிட்டு இரண்டாவது கையில் வாய் வைத்தபோது ஸ்கொலாஸ்டிகா விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

"அடிப்பாவி! வெள்ளைக்காரன் சட்டையத் தின்னுடுச்சே! உன் ஆட்டுக்கு வீட்ல சோறு போட மாட்டியா?"

"நீ தொவச்சிருந்தா அது ஏன்டி தின்னப் போவுது? அழுக்கு வாசனைக்குத்தான் வந்துச்சு!"

தெரு கூடிவிட்டது. வாசலுக்கு வாசல் பெண்கள். சட்டையை வாங்கிப் போக வந்த பில்பீமும் ஒரு ஓரமாக நின்றான். பேச்சு ஸ்கொலாஸ்டிகாவின் மாமியாரைத் தொட்டு, அங்கிருந்து விட்டோராவின் துனிஸ் புருஷனுக்கு வந்தது. அங்கேதான் விட்டோரா முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"அந்தக் காலத்துல துருக்கியன் முற்றுகை போட்டுட்டு ஏன் ஓடினான்னு தெரியுமாடி? உங்க வம்சத்துப் பொம்பளைங்க மதில்மேல ஏறி மூஞ்சியக் காட்டினாளுங்க! பயந்துபோய்க் கப்பல் ஏறிட்டான்!"

தெரு சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. ஸ்கொலாஸ்டிகாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. சட்டைக்காக அவள் வழக்குப் போடவில்லை. "சட்டை வெள்ளைக்காரனுது, மானம் என்னுது" என்று அவதூறு வழக்குப் போட்டாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மால்டாக்காரர், வக்கீல்கள் மால்டாக்காரர்கள், சேவகனும் மால்டாக்காரன். ஆனால் எழுதுவது இத்தாலியனில்தான். பிரபுக்கள் காலத்தில் கோர்ட்டுக்குள் வந்து உட்கார்ந்த பாஷை அது. அவர்கள் போய் நூற்றுமுப்பது வருஷமாகியும் எழுந்து போகவில்லை. அன்றைக்குப் பில்பீம் சாட்சி என்பதால் இங்கிலீஷும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மெல்கியோர் என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் பட்டு டை, வாயில் கெட்ட வார்த்தையே வராத வளர்ப்பு. இத்தாலியன் பேசும்போது கோயிலுக்குள் நடப்பதுபோல் நடப்பார்.

ஸ்கொலாஸ்டிகா கூண்டில் ஏறி, விட்டோரா சொன்னதை மால்டா பாஷையில் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"இத்தாலியன்ல சொல்லுங்க மெல்கியோர்."

மெல்கியோர் தவித்தார். அந்தப் பாஷைக்குள் அந்த மூஞ்சியை எப்படிக் கொண்டுபோவது? தொண்டையைச் செருமிக்கொண்டு, அழகாக ஒரு வாக்கியம் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிறகு அதையே பில்பீமுக்காக இங்கிலீஷில் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "வாதியின் குலத்துப் பெண்மணிகள் மதில்மேல் நின்று, பெரும் முற்றுகையில் எதிரியை விரட்டி, இத்தீவைக் காத்தனர் என்று பிரதிவாதி கூறினார்."

பில்பீம் ஆச்சரியப்பட்டான். இத்தனை நாள் இவ்வளவு பெரிய குடும்பமா தன் சட்டைகளை வெளுத்தது? எழுந்து நின்று, விறைப்பாக ஸ்கொலாஸ்டிகாவுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

"எதுக்கு இவன் சல்யூட் அடிக்கறான்?" என்றாள் அவள்.

சேவகன் குனிந்து காதில் சொன்னான். அவள் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ ஐயா! அவ அப்படியா சொன்னா? என் மூஞ்சியப் பார்த்துத் துருக்கியன் பயந்தான்னு சொன்னா! எழுதச் சொல்லுங்க!"

"எழுதினதுதான்மா கணக்கு," என்றார் மாஜிஸ்திரேட். "இதுல அவமானமே இல்லியே. என் குடும்பத்தப் பத்தி யாராவது இப்படிச் சொன்னா நான் விருந்தே வெச்சிருப்பேன். வழக்குத் தள்ளுபடி."

விட்டோரா விடுதலை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் பெஞ்சே ஆடியது.

"நானா அவளப் புகழ்ந்தேன்? மாதாவே! நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு போர்ம்லாவுல பால் விக்கறது? ஏ டைக்காரரே, எம்மாம் யோசிச்சுச் சொன்ன பேச்சு அது! அதப் போய்ப் பூச்செண்டாக் கட்டிட்டியே!"

"அதானே!" என்றாள் ஸ்கொலாஸ்டிகா. "அவ நல்லாத்தான் திட்டினா, ஐயா. தெருவே சாட்சி!"

"உக்காருங்க ரெண்டு பேரும்!"

விட்டோரா உட்காரவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போர்ம்லாவில் சொன்னதை அட்சரம் பிசகாமல், இன்னும் கொஞ்சம் மூக்கையும் சேர்த்து, கண்ணாடி ஜன்னல் அதிரச் சொன்னாள். ஸ்கொலாஸ்டிகா மெல்கியோரைப் பார்த்து, "கேட்டியா? இதான்!" என்றாள், ஏதோ தன் பிள்ளை பரிசு வாங்கினாற்போல.

கோர்ட்டில் கூச்சல் போட்டதற்காக விட்டோராவுக்கு மூன்று நாள் காவல். திட்டியதற்குத் தண்டனை இல்லை, கோர்ட் எழுதியதைத் திருத்தப் போனதற்குத்தான்.

அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் கட்டியிருந்த ஏழு ஆடுகளும் மடி கனத்துக் கத்தின. அதுவரை கலங்காத விட்டோராவின் கண் அங்கேதான் கலங்கியது.

"மூணு நாளு யாரு கறப்பா? பால் கட்டிக்கிட்டாச் செத்துப்போயிடுமே."

ஸ்கொலாஸ்டிகா மூக்கை உறிஞ்சினாள். பிறகு கயிறுகளை அவிழ்த்தாள்.

"உனக்காக இல்லடி. வாயில்லா ஜீவனுக்காக."

"பரோனாவ எடது பக்கமா உக்காந்து கற. வலது பக்கம் உதைக்கும்!"

"எனக்குத் தெரியும் போ!"

தெரியவில்லை. முதல் நாளே உதை வாங்கினாள். ஆனாலும் மூன்று நாளும் தெருத் தெருவாகக் கறந்து ஊற்றினாள். நான்காம் நாள் விட்டோரா வெளியே வந்ததும் முதல் வேலையாக, "நீ நுரையோட அளந்து ஊத்தினியாமே, என் பேரு நாறுது" என்று சண்டை போட்டாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே வியாபாரம் செய்தார்கள், சண்டை போட்டுக்கொண்டே. ஸ்கொலாஸ்டிகாவின் புருஷன் மட்டும் அந்த இத்தாலியன் தீர்ப்புக்கு ஒரு நகல் வாங்கி, சட்டம் போட்டு மாட்டி, தன் மனைவி வீர வம்சம் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சில வருஷங்களில் இத்தாலியன் கோர்ட்டை விட்டுப் போயிற்று. மெல்கியோர் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். நகரத்துக்குள் ஆடு வரக்கூடாது, பால் புட்டியில்தான் விற்க வேண்டும் என்று இங்கிலீஷ்காரன் சட்டம் போட்டான். பிறகு யுத்தம், பட்டினியில் ஊரில் பாதி ஆடு சட்டிக்குப் போயிற்று. விட்டோரா ஒரே ஒரு குட்டியைப் பாறைக் குடைவுக்குள் தன் முக்காட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தாள். குண்டு விழும்போது அது கத்தாமலிருக்க ஸ்கொலாஸ்டிகா அதன் வாயில் விரலைக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அறுபத்துநான்கில் இங்கிலீஷ்காரன் கொடியை இறக்கினான். மறுநாள் காலை, எழுபது தாண்டிய விட்டோரா போர்ம்லா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"ஏம்பா, வெள்ளைக்காரன் போயிட்டானாமே. இனிமே ஆடு ஓட்டிக்கிட்டு வரலாமா?"

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இல்ல அத்தை. சட்டம் அப்படியேதான் இருக்கு."

"அவன்தானே வேண்டாம்னான்?"

"இப்போ நாமளே வேண்டாங்கறோம்."

விட்டோரா முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நாமளேவா? அப்போ நம்மாளுங்க கிட்டப் பேசிக்கலாம்" என்றாள். அடுத்த நாள் ஒரு ஆட்டோடு வந்து, ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்து கறந்தாள். கான்ஸ்டபிள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு வந்தான்.