சர்க்கரைப் பாகும் என் இடது காலும்

கொசு கடித்த மாதிரிகூட இருக்காது என்று நான்தான் சொன்னேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சவர பிளேடைத் தாண்டி முடி எடுப்பதைப் பற்றி எதுவும் தெரியாத நான், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு அந்த உறுதியைக் கொடுத்தேன். அதுவும் சாதாரணமாக இல்லை. துணி காயப்போடும் கம்பியில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் மாதிரி.

அப்போது இரும்புலியூரில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசல் வேலையில் சூடான இரும்புச் சுருள் தெறித்து முழங்கையில் விழும். உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதனால் வலி என்பது மற்றவர்களுக்கு உள்ள ஒரு வியாதி என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் மேற்குத் தாம்பரத்தில் இருந்தவள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஒருவரிடம் தையல் கற்றுக்கொள்ளப் போனாள். தையலோடு, தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்தவும், சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கை கால் முடியை எடுக்கவும் கற்றுக்கொண்டு வந்தாள். அந்த அக்காவின் வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் அடுப்பில் ஏறுவது பிரியாணி அண்டா இல்லை, இந்தப் பாகுச் சட்டிதான் என்று அவள் சொல்வாள். ஸ்டேஷன் பக்கம் ஒன்றிரண்டு பியூட்டி பார்லர்கள் வந்திருந்தன. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. எங்கள் தெருப் பெண்கள் அந்தக் கதவைத் தள்ளக் கூச்சப்பட்டார்கள். வீட்டிலேயே செய்தால் வருவார்கள் என்பது அவள் கணக்கு.

அதற்காக ஒரு தகர போர்டுகூட எழுதி வாங்கி வைத்திருந்தாள். 'புருவம் திருத்த, கை கால் முடி நீக்க - பெண்களுக்கு மட்டும்' என்று சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு ரோஜாப் பூ. அந்த போர்டு பல மாதங்களாக எங்கள் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு துடைக்கும்போது அதை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்தச் சத்தமில்லாத துடைப்புதான் எனக்கு என்னவோ போலிருக்கும்.

தடை, எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா. அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம். பிளாட் போட்டு விற்ற பிறகும், வாங்கியவர்கள் எல்லோரும் தன் வயலில் குடியிருப்பதாகவே அந்த அம்மா நினைத்தார். கேட்டில் போர்டு மாட்ட அனுமதி கேட்டபோது, "இன்னாமா இது, வூட்டு வாசல்ல மயிரு புடுங்கற போர்டு?" என்று கேட்டுவிட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே நின்றாள். கோபம் வந்தால் அவளுக்கு இடது கன்னத்தில் மட்டும் சிரிப்பு வரும். அது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது.

பிறகு அந்த அம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷனுக்குக் குட்டைக் கை ஜாக்கெட் போட அந்தப் பெண்ணுக்கு ஆசை. கையில் மெல்லிய கறுப்பு முடி இருந்தது அவளுக்குக் குறை. கஸ்தூரி மஞ்சள் பூசிப் பார்த்தாள், கடலை மாவு தேய்த்துப் பார்த்தாள். கடையில் விற்கும் கிரீமைத் தடவியதில் வீடு முழுக்க நாறி, அவள் அப்பா கேஸ் சிலிண்டரைப் பார்க்க ஓடினார். கடைசியில் அந்த அம்மா எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார்.

"எம் பொண்ணுக்கு மொதல்ல பண்ணு. நல்லா கீதுன்னா போர்டை மாட்டிக்கோ. இல்லாங்காட்டி இந்தப் பேச்சே வேணாம்."

ஆக, போர்டு சுவரைப் பார்த்து நிற்பதா, தெருவைப் பார்த்துத் தொங்குவதா என்பது ஒரு பெண்ணின் இரண்டு கைகளில் வந்து நின்றது. அந்தக் கட்டத்தில்தான் அந்தப் பெண் துணி காயப்போடும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "வலிக்குமாண்ணா?" நான் அந்தக் கொசுவைப் பற்றிச் சொன்னேன்.

ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெண்ணுக்குச் செய்வதாக ஏற்பாடு. பாகு காய்ச்சுவதை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் அந்த அடுப்புக்கு முன்னால் அவள் நின்ற நிற்பு இருக்கிறதே, எங்கள் யூனிட்டில் அளவு பார்க்கும் ஃபோர்மேனிடம்கூட அந்த நிதானத்தை நான் பார்த்ததில்லை. பாகு வெள்ளையாக நுரைத்து, மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வரும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். ஒரு சொட்டைத் தட்டுத் தண்ணீரில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருள வேண்டும், ஆனால் கல் ஆகிவிடக் கூடாது. கொஞ்சம் முந்தினால் பிசுபிசுக்கும், கொஞ்சம் பிந்தினால் மிட்டாய். பழகிய நாட்களில் பிந்திப்போன பாகையெல்லாம் நான்தான் நொறுக்கித் தின்று தீர்த்தேன். அவள் தொழில் வளர்ச்சியில் என் பங்கு அன்றுவரை அவ்வளவுதான்.

அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பாகு சொன்ன பேச்சைக் கேட்காது. தோலில் வியர்வை இருந்தால் முடியைப் பிடிக்காமல் தோலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். அதனால் முதலில் பவுடர். பாகைப் பூசுவதற்கு மழுங்கிய வெண்ணெய்க் கத்தி. மேலே ஒட்டி இழுக்கக் கெட்டித் துணிப் பட்டைகள். அந்தப் பட்டைகளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தபோது, கல்யாணத்துக்கு முன் வாங்கிய, சில மாதங்களாகக் காணாமல் போயிருந்த என் ஜீன்ஸ் பேன்ட் என்று தெரிந்தது.

"இது என் பேன்ட் இல்ல?"

"இடுப்பு ஏறாத பேன்ட்ட வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க? உக்காருங்க. பாகு சரியா வந்திருக்கான்னு உங்க கால்ல ஒரு பட்டை போட்டுப் பாக்கறேன்."

உட்கார்ந்தேன். என் கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழுக்கை விழப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்ததுபோல, தலைக்கு வர வேண்டியதெல்லாம் எனக்குக் காலில் இறங்கியிருந்தது. அவள் இடது காலில் பவுடர் தட்டினாள். முடி படிந்திருக்கும் திசையிலேயே பாகை மெல்லிசாக இழுத்துப் பூசினாள். வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. துணியை வைத்து உள்ளங்கையால் நீவினாள். நான் கண்ணை மூடி, "இதுக்குப் போயா ஊரே பயப்படுது" என்று சொல்லத் தொடங்கினேன். 'இதுக்குப்' வரைக்கும் வந்திருப்பேன். அவள் எதிர்த் திசையில் இழுத்துவிட்டாள்.

நான் போட்ட சத்தத்தை நான் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். தெருக்கோடி நாய் குரைத்தது. எதிர் வீட்டில் யாரோ டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள். முக்கியமாக, முன் போர்ஷன் வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த அந்தக் கல்யாணப் பெண் துண்டைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, எனக்கு வேணாம்மா" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

அடுத்து ஹவுஸ் ஓனர் அம்மா எங்கள் வாசலில் நின்றார். இடுப்பில் கை.

"இன்னாமா, பொண்ணுக்குப் பண்ணச் சொன்னா புருசனைக் கொன்னுகினு கீறே? என் பொண்ணு கதவைத் தாப்பா போட்டுக்கினா. வேணாம்மா, உட்ரு. மஞ்சளே போதும்."

நான் காலைப் பிடித்துக்கொண்டு பீரோவைப் பார்த்தேன். போர்டின் ஒரு மூலை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் தொழிலைத் திறந்து வைப்பதற்குப் பதில் என் வாயாலேயே மூடி வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று, "வலியில்லீங்கம்மா, பல்லி ஒண்ணு மேல விழுந்துடுச்சு" என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவிடம் நேராகச் சொன்னாள்.

"வலிக்கும்மா. வலிக்காதுன்னு நான் ஒரு நாளும் சொல்லல. சொன்னது இவரு. பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். மழுப்பியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னதும் அவருக்கு இடுப்புக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்புறம் எப்டிம்மா அவ ஒத்துப்பா?"

"அவளைக் கூப்பிடுங்க. அவளுக்கு நான் எதுவும் பண்ணல. அவ வந்து இவருக்குப் பண்ணட்டும்."

எனக்குப் புரியவே சற்று நேரமானது. அந்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஆம்பள காலாச்சே" என்று மட்டும் இழுத்தார்.

"கால்னு நெனைக்காதீங்கம்மா. தேங்கா உரிக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி வந்தாள். என் மனைவி என் காலில் இன்னொரு பட்டையை ஒட்டி, அதன் நுனியை அவள் கையில் கொடுத்தாள். அவள் பயந்து பயந்து, தபால் தலையை உறையிலிருந்து பிரிப்பதுபோல் மெதுவாக இழுத்தாள். நான் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருந்தும் எலெக்ட்ரிக் ட்ரெயின் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டி ஊதுவதுபோல ஒரு சத்தம் மூக்கு வழியாக வந்தது.

"பாத்தியா, மெதுவா இழுத்தாதான் வலிக்கும். இந்தக் கையால தோலை இறுக்கிப் பிடி. யோசிக்காம இழு. மேல தூக்காத, தோலை ஒட்டியே பின்னால இழு" என்றாள் என் மனைவி.

இரண்டாவது பட்டையை அந்தப் பெண் யோசிக்காமல் இழுத்தாள். பட்டையைத் திருப்பி, அதில் படுத்திருந்த என் முடிக்கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள். அடுத்த பட்டையைக் கேட்டு வாங்கினாள். முகத்திலிருந்த பயம் அப்படியே இடம் மாறி என் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

"எனக்கு ஒண்ணு குடுமா" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. புடவையைச் செருகிக்கொண்டு குந்தினார். "மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிப் போறியே, டேங்க் வயிஞ்சு தெருவெல்லாம் தண்ணி ஓடுதே, அதுக்கு இது" என்று சொல்லி இழுத்தார். அந்தக் குடும்பத்திலேயே நல்ல கை அவருடையதுதான். நாற்று பிடுங்கிய கை.

இவ்வளவு நடக்கும்போதும் என் மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்து, பாகுச் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி, இளகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி எவ்வளவு இருக்கிறது, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளுக்கும் அது காணுமா என்று அவள் கண் அளந்துகொண்டே இருந்தது. இடது கால் முட்டி வரைக்கும் முடிந்ததும், "போதும்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளாகவே கையை நீட்டினாள்.

அதன் பிறகு நான் பார்த்ததுதான் வேலை. என் காலில் நடந்தது மாடு மேய்ந்தது மாதிரி. இது வேறு. பவுடர், பாகு, துணி, நீவல், இழுப்பு. இழுத்த கை திரும்புவதற்குள் மற்ற கை அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருக்கும். வலி வந்து சேர்வதற்கு முன்னால் அங்கே உள்ளங்கை போய்விடும். நடுநடுவே, மாப்பிள்ளை வீட்டில் என்ன கலர் புடவை எடுத்தார்கள் என்று கேட்பாள். பதில் வாய்க்கு வரும் நேரத்தில் பட்டை வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை கண்ணில் நீர் முட்டியது, அவ்வளவுதான். கடைசியில் கற்றாழையைக் கீறித் தடவி, ஈரத் துணியால் ஒற்றினாள். மெஷினில் பாலிஷ் போட்டு எடுத்த வேலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம் இல்லையா, அப்படி அந்தப் பெண் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாக்கா? இதுக்கா அண்ணன் அப்படிக் கத்தினாரு?"

"அவரு அப்படித்தான். ஊசி போட டாக்டர் பஞ்சு எடுத்தாலே கத்துவாரு" என்றாள் என் மனைவி. பொய் இல்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா மகளின் கையைத் தடவிப் பார்த்தார். போகும்போது படியில் நின்று, என்னைப் பார்த்து, "போர்டு மாட்டறப்போ கேட்டுக்குப் புதுசா அட்ச்ச பெயின்ட்டைச் சுரண்டிடாத" என்று மட்டும் சொன்னார். என் மனைவிக்கு அப்போது இரண்டு கன்னத்திலும் சிரிப்பு வந்தது.

பாகு தீர்ந்துபோயிருந்தது. அதனால் என் வலது கால் பழைய நிலையிலேயே நின்றது. மறுநாள் அடிபம்பில் லுங்கியை மடித்துக் கட்டித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு நண்பன் வெகுநேரம் பார்த்தான். "இன்னா மச்சான், ஒரு காலு உன்னுது. இன்னோண்ணு யாருது?" என்று கேட்டான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிசப்ஷன் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டை மாட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறி, பெயின்ட்டைச் சுரண்டாமல், கேட்டுக் கம்பியில் வயரால் கட்டினேன். லுங்கி மடித்துத்தான் கட்டியிருந்தேன். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். என் இடது காலைப் பார்த்தாள், வலது காலைப் பார்த்தாள், போர்டைப் படித்தாள். மறுபடி இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், கீழே நின்றிருந்த என் மனைவியிடம் எப்போது வந்தால் வசதிப்படும் என்று கேட்டாள். மாலையில் வரச் சொன்னாள் இவள்.

அவள் போனதும் நான் ஸ்டூலில் நின்றபடியே, "வேலை வந்துடுச்சு, சரி. ஊரெல்லாம் பாத்துச் சிரிக்குது. இந்த வலது காலை எப்ப எடுக்கப் போற?" என்று கேட்டேன்.

போர்டு சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அடுத்த பொண்ணு பயப்படட்டும்."