கீபோர்டு ஸ்டாண்டும் குசினி வழியும்

எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் ஒரு சங்கதி இருக்கிறது. உயரத்தைக் குறைத்தால் கால்கள் அகலும்; கால்களை ஒடுக்கினால் உயரம் ஏறும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே அறையான ஒற்றைக் காம்பராவில் இருப்பவளுக்கு இதை வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

சர்ச்சில் புதிது வந்ததும் பழைய கீபோர்டை எனக்குத் தந்துவிட்டார்கள். அதைக் கட்டிலில் வைத்து, கீழே தரையில் உட்கார்ந்து வாசித்தேன். மணிக்கட்டு மடிந்து மடிந்து வலது கை வீங்கிவிட்டது. சங்கீத டீச்சர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இப்படியே வாசிச்சா செயன்முறைப் பரீட்சைக்கு நீ வருவ, கை வராது. முழங்கையும் கீபோர்டுக் கட்டையும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒரு ஸ்டாண்ட் வாங்கு."

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

பலாங்கொடைக் கடைக்காரர், "எந்த உயரத்துக்கும் வைக்கலாம், நங்கி" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, ஸ்டாண்டை நின்று வாசிக்கிற உயரத்தில் விரித்துக் காட்டினார். ஒடுக்கமாக, ஒய்யாரமாக இருந்தது. நான் அவசரக்காரி. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் காம்பராவில் வெறுமையாக இருப்பது ஒரே இடம்தான்: கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில், அம்மா சமைக்கிற குசினிக்குப் போகிற வழி. அங்கே உயரமாக வைத்தால் ஸ்டாண்ட் நின்றது, ஆனால் கட்டைகள் என் நெஞ்சுக்கு வந்தன. பலகைப் பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தேன். கை சரியாக வந்தது. தரையில் இருந்த பெடல் காலுக்கு எட்டவில்லை. உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு இறக்கினால் ஸ்டாண்டின் கால்கள் இடுக்குக்குள் அடங்கவில்லை. கட்டிலைத் தள்ளினேன். அடங்கியது. அதற்குப் பிறகு முன்கதவு பாதிதான் திறந்தது.

வேலை முடிந்து வந்த அப்பா ஒருக்களித்து நுழைந்தார். பாதியில் நின்றார்.

"வயிறு வந்துட்டுது பிள்ள. முதுகுதான் யோசிக்குது."

"மூச்சை இழுங்கப்பா."

"இழுத்துட்டுத்தான் நிக்கிறேன்."

அம்மா குசினிக்குள் இருந்தார். குசினிக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு, அந்தப் பக்கம் கதவே கிடையாது. நான் வாசிக்கிற வரைக்கும் அவர் அங்கேதான்.

"முடிஞ்சுதா? துணி மாத்தணும்."

"இன்னும் ஒருக்கா, அம்மா."

"மலையில நாளெல்லாம் கங்காணி மறிச்சு நிக்கிறான். வீட்டுல நீயா?"

எழும்பினால் ஸ்டாண்டை மடக்க வேண்டும். மடக்கினால் கட்டிலை இழுத்து, மறுபடி தள்ளி, உயரம் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். குறுக்குக் கம்பி முழங்காலில் இடித்தது. முதுகுக்குப் பின்னால் அப்பா கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கால் நீட்ட இடமில்லை. இந்தக் காம்பராவில் நான் ஒரு முழம் எடுத்தால் அது யாரோ ஒருவருடைய முழம். பரீட்சை பாஸானால் எங்கேயாவது போய்விடலாம் என்று நான் நினைப்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எழும்பு என்று அதட்டவில்லை.

"எந்தத் துணி?" என்றேன்.

"நீல நைட்டி."

உட்கார்ந்தபடியே இடது கையை அலுமாரிக்குள் விட்டுத் துழாவி எடுத்து, கீபோர்டுக்கு மேலால் நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டு குசினித் திரையை இழுத்துவிட்டார்.

இடது கை துணி தேடிய நேரமெல்லாம் வலது கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் வலி இல்லை. பரீட்சைப் பாடத்தை முதலில் இருந்து, இந்த முறை இரண்டு கையாலும், ஆரம்பித்தேன்.